மேடையேறும் வரலாறு: விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கேட்ட சில பொழிவுகள்

வரலாற்றறிஞர் ஒருவர் ஊருக்கு வந்து பொதுமக்கள் முன்னிலையில் பேசுவது, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இன்று அரிய நிகழ்ச்சியன்று. மாவட்டந்தோறும் புத்தகக் கண்காட்சிகள் நடைபெறத் தொடங்கியபின் இவ்வழக்கம் பெருகியுள்ளது. கல்லூரி மன்றங்கள், இலக்கிய அமைப்புகள், நம் திருச்சபைகளின் நூற்றாண்டு விழாக்குழுக்கள் ஆகிய எல்லாமே "நவீன வரலாறும் அதன் மரபுரிமையும்" என்ற வகையிலான தலைப்புகளில் அறிஞர்களை அழைக்கின்றன. கடந்த சில ஆண்டுகளில் இத்தகைய பொழிவுகள் பலவற்றை நாம் கேட்டோம். அவற்றுள் இரண்டைக் குறித்தும், நாமே நிகழ்த்திய ஒன்றைக் குறித்தும் இங்கு எழுத விரும்புகிறோம். பேசியவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. நம் நோக்கம் அவர்களை எடைபோடுவதன்று. அவர்களைக் கேட்கும் நாம், குறிப்பாக நம் போதகர்களும் இறையியல் மாணவர்களும், எவ்வாறு கேட்கிறோம் என்பதை ஆராய்வதே.

பொழிவு என்னும் வடிவத்தை எளிதாக எண்ணலாகாது. வரலாறு என்றால் என்ன என்ற வினாவோடு நம் மாணவர் அனைவரும் படிக்கும் ஈ. எச். காரின் நூல், 1961-இல் கேம்பிரிட்ஜில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் தொகுப்பேயாகும். நம் துறையிலேயே சான்று வேண்டுமாயின், 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் கேரி சங்கத்தில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையை நினைவுகூரலாம். தலித் இறையியல் என்று பின்னர் பெயர்பெற்ற சிந்தனையின் தொடக்கங்களுள் ஒன்றாக அவ்வுரை கருதப்படுகிறது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், அப்போஸ்தலருடைய நடபடிகள் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் ஆற்றுவதும் ஒரு வரலாற்றுப் பொழிவுதான். ஆபிரகாமில் தொடங்கி, யோசேப்பையும் மோசேயையும் கடந்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாசற்படிவரைக்கும் அவர் வரலாற்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் முடிவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்படவில்லை. நம் ஊர்ப் பொழிவுகளிலோ பொன்னாடைக்கே முக்கால் மணிநேரம் செல்கிறது. விழுப்புரம் சந்திப்பில் சென்னை வண்டி வரும் நேரம் நெருங்கியதும் கேள்வி நேரம் கைவிடப்படுகிறது. இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட வரலாறே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது.

முதலாவது பொழிவு திண்டிவனத்தில் நிகழ்ந்தது. பொருள், ஐடா ஸ்கடர். நம் வாசகர் அறிந்த வரலாறே. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இலங்கையில் 1819-இல் பணி தொடங்கிய ஜான் ஸ்கடரின் பேத்தி. அமெரிக்காவில் கல்வி கற்றபின், நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்தார். ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற அழைத்தனர்: ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் உயர்சாதி இந்து. மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆண் மருத்துவர் வேண்டாம் என மூவரும் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அவ்விரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று.

பொழிவாளர் இதனை உருக்கமாகக் கூறினார். அவையில் கண்கலங்காதார் இல்லை, நாமும் கலங்கினோம். ஆயினும் வீடு திரும்பும் வழியில் சில வினாக்கள் எழுந்தன. மழை பெய்தது, விளக்கு அணைந்தது, கதவில் மூன்றுமுறை தட்டும் ஓசை கேட்டது என்றெல்லாம் அவர் விவரித்தாரே, அவற்றுக்கு ஆதாரம் யாது? இக்கதை ஐடா அம்மையாரே பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிப் பரவியது. 1959-இல் டோரதி கிளார்க் வில்சன் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அதனைக் காட்சி காட்சியாக விரித்தெழுதியது. ஒரு சாட்சி என்ற முறையில் அது மதிப்புக்குரியது. ஆனால் சாட்சியத்தை சாட்சியம் என்று சொல்வதே வரலாற்றாசிரியரின் கடமை. அவர் அதனை நேரில் கண்டவர்போல் நடித்துக் காட்டினால், அவர் செய்வது நம் வேலை. அதையும் நாம் நன்றாகச் செய்வதில்லை.

அதனினும் பெரிய குறை வேறு. இறந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. அது கதையைச் சொல்பவரின் குற்றமன்று. ஆனால் அவர்களுக்குப் பேறு பார்க்க அன்றைய திண்டிவனத்தில் மருத்துவச்சிகள் இருந்திருப்பரே, அவர்கள் எங்கே? ஊர்தோறும் பிள்ளைப்பேறு பார்த்த பெண்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதியார் எனத் தள்ளப்பட்டோரின் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கைத்திறனும் அதன் எல்லைகளும் பேசப்பட்டிருந்தால், அவ்விரவின் துயரம் குறைந்திராது, கூடியிருக்கும். மேலும், பங்களாவின் கதவைத் தட்டியவர்கள் மூவரும் மதிப்புள்ள குடும்பத்தார். அதே இரவில் சேரியில் ஒரு பெண் இறந்திருந்தால், அவள் கணவன் அக்கதவைத் தட்டியிருப்பானா? ஆற்காடு மிஷன் 1853-இல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. நாற்பதாண்டுகளுக்குள் அதன் சபையினரில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தோரே. பொழிவோ திண்டிவனத்தில் தொடங்கி ஐந்து நிமிடங்களில் வேலூருக்குப் போய்விட்டது. திண்டிவனம் வண்டி மாறும் நிலையம்போல் ஆயிற்று. அவையிலிருந்த திண்டிவனத்தார் ஒருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. தம் ஊர்ப் பெயர் வந்ததே போதும் என்றிருந்தனர்.

இரண்டாவது பொழிவு விழுப்புரத்தில். இவர் வேறு வார்ப்பு. கையில் ஆவணங்களின் படிகளோடு வந்தார். உருக்கமில்லை, ஒழுங்கு இருந்தது. வட தமிழ்நாட்டின் நிலமும் உழைப்பும் என்பது பொருள். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கை, அதையொட்டி 1892-இல் பிறந்த அரசாணை, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்ட முறை, பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை, அந்நிபந்தனை நடைமுறையில் கரைந்த விதம் ஆகியவற்றைத் தெளிவாக எடுத்துரைத்தார். பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையான ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரின் பெயரையும் சொன்னார். பெயரைச் சொன்னார் என்பதைத் தனித்துக் குறிக்கிறோம்.

இப்பொழிவின் அடித்தளம் ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட பறையர் சிக்கல் குறித்த ஆய்வு என்பதை நூலறிந்தோர் உணர்ந்திருப்பர். அந்நூல் நம் கல்லூரிகளில் போதிய அளவு படிக்கப்படவில்லை. காரணம், அது நமக்கு இனிப்பாக இல்லை. சாதியை முதன்மையாக ஒரு சமயப் பிழையாகவே மிஷனரிகள் கண்டனர், ஆகவே அதற்கு மருந்து ஆன்மீக மாற்றமே என்று நம்பினர். அந்தப் பார்வையினால் சாதியின் அடிமை உழைப்பு என்னும் முகம் மறைந்தது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. டிரெமன்ஹீருக்குச் செய்திகளைத் திரட்டித் தந்தவர்களிலும் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகள் உண்டு என்பதை நாம் பெருமையோடு சொல்வோம். அதே மிஷனரிகள் நிலம் கேட்டு வந்தவனின் விசுவாசத்தை ஐயுற்றதைச் சொல்லத் தயங்குவோம். பொழிவாளர் இரண்டையும் சொன்னார். நம் அருகிலிருந்த ஆயர் ஒருவர் நெளிந்தார். "சோற்றுக் கிறிஸ்தவர்" என்ற பழைய ஏச்சு அவர் காதில் ஒலித்திருக்கலாம். ஏன் நெளியவேண்டும்? பஞ்சத்தினால் பெத்லகேமை விட்டுப் போன குடும்பத்தின் கதையும், கர்த்தர் தம் ஜனத்திற்கு ஆகாரம் அருளினார் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவந்த நகோமியின் கதையும் நம் வேதத்தில் இருக்கின்றன. அக்கதையில் வரும் ரூத்தை மேசியாவின் வம்ச அட்டவணையிலிருந்து எவரும் நீக்கவில்லை. பசியோடு வந்தவன் பொய்யோடு வந்தான் என்று எண்ணுபவன் பசியறியாதவன்.

இத்துணைச் சிறந்த பொழிவிலும் இரண்டு இடங்களில் நமக்கு மனநிறைவில்லை. ஒன்று, எண். பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்ற எண் மேடைதோறும் முழங்கப்படுகிறது, இவரும் முழங்கினார். அது எவ்வாறு கணக்கிடப்பட்டது, விழுப்புரம் வட்டத்தில் எவ்வளவு, கேட்டுக்கொண்டிருப்பவனின் சொந்தக் கிராமத்தில் எந்தப் புல எண், இன்று யார் பெயரில் என்ற வினாக்களுக்கு வழிகாட்டாத எண், கைதட்டலுக்கே உதவும். ஒரு சிற்றூரின் 'அ' பதிவேட்டை எங்கே, யாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், அம்மண்டபத்திலிருந்து இருபது ஆராய்ச்சியாளர்கள் வெளியேறியிருப்பர்.

மற்றொன்று, மௌனம். இதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

நிலத்திற்கும் உழைப்பிற்குமான போராட்டத்தின் இரத்தச் சாட்சியாகக் கீழ்வெண்மணியைப் பொழிவாளர் குறிப்பிட்டார். 1968 டிசம்பர் 25, நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் பாடல்கள் ஓய்ந்திராத இரவு, நாற்பத்துநான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதைச் சொன்னபோது அவை அமைதியாயிற்று. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்த ஊர் விழுப்புரம். 1978 ஜூலையில் இதே ஊரில், பெரிய காலனியைச் சேர்ந்த பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டனர். கீழ்வெண்மணி இருக்கும் தஞ்சை வட்டாரத்தைப் பற்றி விழுப்புரத்தில் பேசலாம். விழுப்புரத்தைப் பற்றி விழுப்புரத்தில் பேசலாகாது போலும். அவர் அறியாமல் விட்டார் என்று எண்ண இயலாது. ஊருக்கு வந்த விருந்தினர், வரவேற்றவர்களின் மனம் நோகாமல் நடந்துகொண்டார் என்றே கொள்கிறோம்.

அதே மேடையில் 1987-உம் பேசப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கோரி ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. இருபத்தொருவர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு. அச்சங்கம் 1980-இல் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு எழுந்தது. அப்போராட்டத்தின் விளைவாகவே 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவும் அதற்கு இருபது விழுக்காடும் வந்தன. அந்த இருபத்தொருவருக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதே மறியல் வாரத்தில் சேரிகளில் குடிசைகள் எரிந்தன என்பதும் இவ்வட்டாரத்து முதியோர் அனைவரும் அறிந்ததே.

நாம் பல மேடைகளில் கவனித்தது இது: 1978 பேசப்படும் மன்றத்தில் 1987 பேசப்படுவதில்லை, 1987 பேசப்படும் மன்றத்தில் 1978 பேசப்படுவதில்லை. இரண்டு மன்றங்களுக்கும் செல்பவர்கள் வேறு, கைதட்டுபவர்கள் வேறு, கண்ணீரும் வேறு. பன்னிரண்டு பேரின் தாய்மாரும் இருபத்தொருவரின் தாய்மாரும் ஒரே சந்தையில் காய் வாங்கியிருப்பர். ஒருவர் துயரத்தை மற்றவர் துயரத்தால் நேர்செய்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சமன்செய்வது பொய். கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார், அரசு யார் பக்கம் நின்றது என்பன ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வதற்கே வரலாற்றாசிரியர் வேண்டியிருக்கிறார். இரண்டையும் ஒரே அவையில், ஒரே மாலைப்பொழுதில், ஒருவர் சொல்லக் கேட்கும் நாள் இவ்வூருக்கு இன்னும் வரவில்லை. நம் ஆலயங்களிலேனும் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நம் சபைகளில் இரு தரப்பாரும் இருக்குமிடங்களில், சமாதானம் என்ற பெயரால் நாமே அம்மௌனத்தைப் போதித்து வருகிறோம்.

இங்கு நம் பங்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட ஒரு குருசேகரத்தில் ஆலயப் பிரதிஷ்டையின் நூற்றாண்டு விழாவில் வரலாற்றுரை நிகழ்த்த நம்மை அழைத்தனர். நன்றாகவே ஆயத்தம் செய்தோம் என்று எண்ணினோம். மிஷன் ஆண்டறிக்கைகளைப் படித்தோம். சாதியைச் சபைக்குள் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை நிறுவி, 1860-களில் டேனிஷ் மிஷனரிச் சங்கத்தோடு இணைந்து பணியாற்றிய வரலாற்றைச் சொன்னோம். தென்னாற்காட்டில் டேனிஷ் லுத்தரன் மிஷனையும் பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனையும் ஒப்பிட்டு ஹென்ரியெட் பக்கே 1994-இல் வெளியிட்ட நூலையும் எடுத்தாண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது மக்கள் திரள்திரளாக வந்ததை விளக்கினோம். ஓக்ஸின் பெயரைச் சொன்னபோது பெருமிதமாக இருந்தது. அதற்குப் பின்னும் சாதி நம் ஆலயங்களில் எங்கே உட்கார்ந்தது, நம் கல்லறைத் தோட்டங்களில் எங்கே படுத்தது என்பதை ஒரு வரியில் கடந்தோம். விழா நாளாயிற்றே என்று.

உரை முடிந்து உணவுக்குச் செல்லும்போது, எண்பது கடந்த ஒரு தாயார் வழிமறித்தார்.

"ஐயரே, தொரமாருங்க பேரெல்லாம் வரிசையா சொன்னீங்க. தாது வருசத்துல பஞ்சத்துக்கு வந்தவங்கன்னும் சொன்னீங்க. எங்க ஆயாவப் பெத்தவ அதுல வந்தவதான். அவளுக்குப் பேரு இல்லையா?"

நம்மிடம் மறுமொழி இல்லை. பதிவேட்டில் இருக்கும் அம்மா, பார்த்துச் சொல்கிறேன் என்றோம். பதிவேட்டை நாம் திறந்து பார்க்கவேயில்லை என்பது அவருக்கு அந்நொடியே விளங்கிற்று. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஆறாயிரம் மைல் தொலைவில் அச்சிட்ட அறிக்கைகளைத் தேடிப் படித்த நாம், பேசிய இடத்திலிருந்து இருபதடி தள்ளி, வஸ்திர அறையின் மரப்பெட்டிக்குள் இருந்த ஞானஸ்நானப் பதிவேட்டைத் தொடவில்லை.

மறுவாரம் சென்று பார்த்தோம். தடித்த தோல் அட்டை. முதல் முப்பது பக்கங்களைச் செல் அரித்திருந்தது. 1878-ஆம் ஆண்டுப் பக்கங்கள் பாதியே மிஞ்சியிருந்தன. அப்பதிவேட்டில் இடப்புறப் பத்தி பழைய பெயருக்கு உரியது, அடுத்தது புதிய பெயர், அதன்பின் ஊர், வயது, சாட்சிகள். இடப்புறம் முழுதும் போயிருந்தது. அந்த ஊர்ப் பெயரின் எதிரே, அந்த வயதுக்குப் பொருந்தும் மூன்று பெண்கள் இருந்தனர். மூவருக்கும் ஒரே வேதாகமப் பெயர். எவர் அத்தாயாரின் முன்னோர் என்று உறுதிசெய்ய இயலவில்லை. பழைய பெயர் இருந்திருந்தால் இயன்றிருக்கும்.

வரலாற்றறிஞர்களின் பொழிவுகளைக் குறைகூறும்போது இதனை நினைவில் வைத்தே கூறுகிறோம். அவர்கள் பயன்படுத்தும் ஆவணங்கள் சென்னையிலும் இலண்டனிலும் கோபன்ஹேகனிலும் பாதுகாப்பாக உள்ளன; ஆகவே அவ்விடங்களில் எழுதியவர்களின் குரலே மேடையில் ஒலிக்கிறது. நம் கையிலுள்ள ஆவணங்கள், பெயர்கள், சாட்சிகளின் கைந்நாட்டுகள் நம் பெட்டிகளுக்குள் மண்ணாகின்றன. வ.உ.சி.யையும் 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியையும் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலுக்கு 2024-க்கான சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. ஆண்டுக்கணக்காகத் தாள்களைத் தேடி அலைந்த ஒருவரின் உழைப்பு அது. தேடுவதற்குத் தாள் இருந்தால்தான் தேடுபவர் வருவார்.

நம் மாணவர்கள் கேட்பதுண்டு: சபையின் குற்றங்களைப் பொதுமேடையில் சொல்வது விசுவாசிகளுக்கு இடறல் ஆகாதா என்று. நெகேமியாவின் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தை அவர்கள் மறுபடியும் படிக்கவேண்டும். அங்கே லேவியர் மேடைமீது நின்று, இரட்டுடுத்திக் கூடிய ஜனங்களுக்குமுன் தேசத்தின் வரலாறு முழுவதையும் சொல்கின்றனர். முன்னோரின் வீரத்தை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் செய்த அக்கிரமத்தையும், தாங்கள் இன்று சொந்த நிலத்திலேயே அடிமைகளாயிருப்பதையும், விளைச்சல் யாருக்குப் போகிறது என்பதையும் சொல்கின்றனர். நிலம், வரி, உழைப்பு எல்லாம் அந்த ஜெபத்தில் வருகின்றன. விழுப்புரத்துப் பொழிவாளர் பேசியதும் அதுவே.

பதிவேட்டில் மிஞ்சிய பக்கங்களை இப்போது மாணவர் இருவரோடு சனிக்கிழமைதோறும் படியெடுத்து வருகிறோம்; இதுவரை 1893 வரை வந்திருக்கிறோம். இடையிடையே, ஓர் ஊரிலிருந்து ஒரே நாளில் பதினைந்து, இருபது பேர் சேர்ந்துள்ளனர். மூன்றாம் ஆண்டில் அதே ஊர்ப் பெயர் காணாமற்போகிறது. நிலக்கிழாரின் அச்சுறுத்தலா, தோட்ட வேலைக்குக் கப்பலேறினார்களா, வேறு மிஷனுக்குச் சென்றார்களா என்பது தாசில்தார் அலுவலகத்துப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டாலன்றித் தெரியாது. அதற்குரிய பயிற்சி நமக்கில்லை. ஆகவே விழுப்புரத்தில் பேசிய அவ்வறிஞருக்கு, 1978-ஐக் குறித்த நம் மனக்குறையையும் மறைக்காமல், ஒரு கடிதம் எழுதினோம். மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. மனக்குறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டைப் பார்க்க ஆவலாயிருப்பதாகவும், தை மாதத்தில் இரண்டு நாள் தங்க இயலும் என்றும் எழுதியிருந்தார். இம்முறை திரும்பிச் செல்லும் வண்டியின் நேரத்தை அவர் குறிப்பிடவில்லை.